மரப்பெட்டியில் மடகாஸ்கர் பயணம்

சிங்கப்பூருக்குச் சுற்றுலா போய் வந்த பிள்ளைகளிடம், “செந்தோசாவில் என்ன பார்த்தாய்?” என்று கேட்டுப் பாருங்கள். தலைகீழாக ஓடும் ரயிலைப் பற்றிச் சொல்வார்கள். வாசலில் சுழலும் பெரிய உலக உருண்டையைப் பற்றிச் சொல்வார்கள். ஆனால் 2011-க்கும் 2022-க்கும் இடையில் போய் வந்த பிள்ளைகளுக்கு இன்னொரு நினைவும் இருக்கும். “மரப்பெட்டிக்குள்ள உட்கார வச்சுத் தண்ணியில விட்டாங்க. சிங்கம் பேசுச்சு, வரிக்குதிரை பேசுச்சு, வால்ல கறுப்பு வெள்ளை வளையம் போட்ட குரங்கு மாதிரி ஒண்ணு ஆடுச்சு” என்பார்கள்.

அதுதான் ‘மடகாஸ்கர்’ படகுச் சவாரி. அதே பெயர் கொண்ட கார்ட்டூன் திரைப்படத்தைத் தழுவி, யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர் பூங்காவில் 2011 மே மாதம் திறந்தார்கள். 2022 மார்ச் மாதத்தோடு மூடிவிட்டார்கள். இன்று நீங்கள் போனால் அந்தப் படகு இல்லை. இல்லாத படகைப் பற்றி இத்தனை பேச்சு எதற்கு என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. பெட்டியில் ஏறியவர்கள் சில நிமிடங்களில் இறங்கிவிட்டார்கள். அந்தக் கதை தொட்டுச் சென்ற தீவோ, தமிழராகிய நமக்கும், மலாய் பேசிப் பழகிய நம் நாவுக்கும், நம் செம்பனைக் காட்டோரத்தில் இரவில் விழித்திருக்கும் ஒரு சிறு பிராணிக்கும் உறவுடையது. பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தி அதில் நிறைய உண்டு.

முதலில் இடத்தைப் பார்ப்போம். செந்தோசாவின் பழைய பெயர் புலாவ் பிளாக்காங் மாத்தி. ‘மாத்தி’ என்றால் மரணம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டிஷ் காலத்தில் பீரங்கி வைத்துக் காத்த அந்தத் தீவை 1970-களில் உல்லாசத் தீவாக மாற்ற முனைந்தபோது பெயரையும் மாற்றினார்கள். ‘செந்தோசா’ என்ற சொல் வடமொழியிலிருந்து மலாய்க்குப் போனது. நாம் சொல்லும் ‘சந்தோஷம்’ என்பதும் அதே வேரில் பிறந்ததுதான். மரணத்தின் பெயரைத் துடைத்துவிட்டுச் சந்தோஷத்தை எழுதி வைத்தார்கள்.

2010-இல் அங்கே திறந்த யுனிவர்சல் பூங்கா, கெந்திங் குழுமத்தைச் சேர்ந்தது. ஆமாம், மலையுச்சியில் இருக்கும் அதே கெந்திங்தான். அந்தக் குழுமத்துக்குச் செம்பனைத் தோட்டங்களும் உண்டு. இதைப் படிக்கிற ஒருவர் காலையில் குலை அறுப்பதும், அவர் மகன் விடுமுறையில் போய்ச் சவாரி ஏறுவதும் ஒரே குழுமத்தின் இரண்டு கைகளாக இருக்கக்கூடும்!

பெட்டிக்குள் வந்தது எப்படி?

2005-இல் வெளிவந்த ‘மடகாஸ்கர்’ படத்தை டிரீம்வொர்க்ஸ் நிறுவனம் தயாரித்தது. நியூயார்க் நகரத்து விலங்குக் காட்சிச் சாலையில் நான்கு நண்பர்கள்: அலெக்ஸ் என்ற சிங்கம், மார்ட்டி என்ற வரிக்குதிரை, மெல்மன் என்ற ஒட்டைச்சிவிங்கி, குளோரியா என்ற நீர்யானை. வேளா வேளைக்குத் தீனி, கை தட்டக் கூட்டம். ஆனாலும் மார்ட்டிக்குக் காட்டைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஓரிரவு வெளியே போய்விடுகிறான். தேடிப் போன நண்பர்களும் சேர்ந்து அகப்படுகிறார்கள். எல்லோரையும் மரப்பெட்டியில் அடைத்து ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றுகிறார்கள். அதே கப்பலில் வந்த பெங்குவின் பறவைகள் மாலுமிகளை அடக்கிவிட்டுச் சுக்கானைத் திருப்ப, பெட்டிகள் சரிந்து கடலில் விழுகின்றன. அலை கொண்டு போய் ஒதுக்கிய கரைதான் மடகாஸ்கர்.

அங்கே ஜூலியன் என்ற ராஜா. அவன் லெமூர் என்ற இனம். அவன் குடிகளைப் பிடித்துத் தின்ன ஃபோசா என்ற மிருகம் சுற்றி வருகிறது. இதற்கிடையில் நகரத்துச் சிங்கத்துக்குப் பசி வந்துவிடுகிறது. கையில் தட்டு வைத்து ஊட்ட ஆளில்லாத காட்டில், பக்கத்தில் நிற்கும் உயிர் நண்பனே இறைச்சித் துண்டாகத் தெரிகிறான். சிரிப்புப் படம்தான், ஆனால் இந்தக் கட்டத்தில் பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்திவிடுவார்கள். இந்தப் படத்தில் எனக்குப் பிடித்த இடமும் அதுவே.

பெட்டிக்குள் அடைபட்டுக் கடல் கடந்து முன்பின் தெரியாத கரையில் ஒதுங்குவது என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சிரிப்பு வராது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, பினாங்கில் இறங்கிய நம் தாத்தா பாட்டிமார் பலரைச் சுமந்து வந்தது ‘ரஜூலா’ என்ற கப்பல். 1926-இல் கட்டப்பட்டது, 1973 வரை ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் ஆயிரமாயிரம் பேர். அவர்களில் யாரும் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தக் கார்ட்டூன் படத்தை அவர்களோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். அவர்கள் சொல்லும் கதை படத்தைவிட நன்றாக இருக்கும்.

தண்ணீர் தள்ள, இருட்டு மறைக்க

படகுச் சவாரி என்பது புதிதல்ல. அமெரிக்காவில் 1955-இல் டிஸ்னிலேண்ட் திறந்தபோதே கால்வாய்ப் படகு ஒன்று இருந்தது. பாவம், கரை இரண்டிலும் பார்ப்பதற்கு ஒன்றும் நடாமலே திறந்துவிட்டார்கள். பணியாளர்களே அதைச் சேற்றுக்கரைச் சவாரி என்று கேலி பேசினார்கள். மறு ஆண்டு, 1956-இல், டிஸ்னியின் கார்ட்டூன் படங்களில் வரும் ஊர்களையும் வீடுகளையும் சின்னஞ்சிறு உருவில் கட்டி வைத்து, ‘பினோக்கியோ’ படத்தில் வரும் திமிங்கிலத்தின் வாய் வழியே படகு நுழையும்படி செய்தார்கள். கார்ட்டூன் படத்தைத் தண்ணீரில் மிதந்தபடி பார்க்கும் வழக்கம் அங்கிருந்து வளர்ந்தது. ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காவில் 2016-இல் வந்த ‘ஃபுரோசன்’ படகுச் சவாரி, 1988 முதல் 2014 வரை ஓடிய வேறொரு சவாரியின் பழைய கால்வாயிலேயே ஓடுகிறது. கால்வாய் வெட்டுவதுதான் செலவு, கதையை மாற்றிக்கொள்ளலாம்.

படகை ஓட்டுவது யார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஓட்டுநர் இல்லை, துடுப்பும் இல்லை. இத்தகைய சவாரிகளில் படகு மிதப்பது ஆழமில்லாத சிமெண்ட் கால்வாயில். பெரிய பம்புகள் நீரை ஓரிடத்தில் உயர்த்தி விட, அது தாழ்வான இடம் நோக்கி ஓடுகிறது. படகும் கூடவே போகிறது. படகின் பக்கவாட்டில் சிறு சக்கரங்கள் இருக்கும். அவை கால்வாய்ச் சுவரை உரசிக்கொண்டு, படகு குறுக்கே திரும்பாமல் நேராக வைக்கும். ஆட்கள் ஏறி இறங்கும் இடத்தில் தண்ணீருக்கடியில் வார் ஒன்று ஓடும். செம்பனை ஆலையில் பழத்தை மேலே தூக்கிப் போகும் ஓடுவாரைப் பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான். படகு அதன்மேல் உட்கார்ந்ததும் அசையாது நிற்கும். முன்னே போன படகு போதிய தூரம் விலகியதைக் கருவிகள் அறிந்து சொன்ன பிறகே அடுத்த படகு அவிழ்த்து விடப்படும்.

உள்ளே சுவரும் கூரையும் கறுப்பு. எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே மட்டும் விளக்கு. சிங்கத்தின் வாயும் லெமூரின் கையும் மின்சார மோட்டாராலோ அழுத்திய காற்றாலோ அசைகின்றன. குரல் மறைவான ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. கால்வாயை வளைத்து வளைத்து வெட்டியிருப்பதும் வேண்டுமென்றே செய்வதுதான். அடுத்த காட்சி தெரியக் கூடாது. திருவிழாவில் கூத்து பார்த்தவர்களுக்குத் திரைச்சீலையின் மகிமை தெரியும். இங்கே ஒவ்வொரு வளைவும் ஒரு திரைச்சீலை.

இப்படி ஒரு சவாரி நாள் தவறாமல் ஓட, பம்பு பார்ப்பவர், மின்சாரம் பார்ப்பவர், வெல்டிங் செய்பவர், நீர் சுத்தம் பார்ப்பவர், படகு பழுது பார்ப்பவர் எனப் பலர் திரைக்குப் பின்னால் வேலை செய்ய வேண்டும். தொழிற்பள்ளியில் படிக்கும் உங்கள் பையன் சவாரிக்கு வரிசையில் நிற்கும்போது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். டிக்கெட்டுக்குக் கொடுத்த வெள்ளி இன்னும் கொஞ்சம் பயன்படும்.

உண்மையிலும் மிதந்து வந்தவைதான்!

படத்தில் வருவதெல்லாம் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. மடகாஸ்கர் உண்மையான நாடு. உலகின் தீவுகளில் பரப்பளவில் நான்காவது. நம் சபாவும் சரவாக்கும் உள்ள போர்னியோ தீவு மூன்றாவது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் கடல் பிரித்து வைத்திருக்கிறது. சிங்கமும் வரிக்குதிரையும் ஒட்டைச்சிவிங்கியும் அந்தத் தீவில் கிடையா. ஆனால் ஃபோசா உண்மையில் இருக்கிறது. கீரிக்கு உறவான பிராணி, மரமேறுவதில் கெட்டிக்காரன், அந்தத் தீவின் பெரிய வேட்டை விலங்கு. லெமூர் உலகிலேயே மடகாஸ்கரிலும் அருகிலுள்ள சிறு தீவுகளிலும் மட்டும்தான் காட்டில் வாழ்கிறது. ராஜா ஜூலியன் வளையவால் லெமூர். 100-க்கும் மேற்பட்ட லெமூர் வகைகள் அங்கே உள்ளன. எலியளவு சிறிய வகையும் உண்டு.

இந்த லெமூர்கள் அங்கே எப்படி வந்தன? அறிவியலார் கூறும் விடை கார்ட்டூன் கதையைப் போலவே இருக்கிறது. ஆறு பெருகும்போது கரையோர மரங்கள் வேரோடு பெயர்ந்து, கொடியும் கிளையும் பின்னி, மிதக்கும் தெப்பமாகக் கடலுக்குப் போவதுண்டு. அப்படி ஒரு தெப்பத்தில் சிக்கி, ஐந்தாறு கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தவைதான் லெமூர்களின் முன்னோர் என்கிறார்கள். இன்றைய கடலோட்டம் அந்தத் திசையில் இல்லையே என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. அந்தக் காலத்தில் நீரோட்டம் மடகாஸ்கரை நோக்கியே இருந்திருக்கும் என்று 2010-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். எப்படியிருக்கிறது பாருங்கள், பெட்டி கடலில் விழுந்த கதை!

இப்போது நம் பக்கம் வருவோம். ‘லெமூர்’ என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு வேறொரு பெயர் நினைவுக்கு வந்திருக்குமே? லெமூரியா! நம் மேடைகளில் எத்தனை முறை கேட்டிருப்போம், குமரிக் கண்டமாகிய லெமூரியா என்று. அந்தப் பெயர் பிறந்தது இந்தக் கார்ட்டூன் ராஜாவின் குலத்திலிருந்துதான். 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலார், லெமூரும் அதன் உறவினங்களும் மடகாஸ்கரிலும் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருப்பதைக் கண்டு, இவற்றை இணைத்த நிலப்பரப்பு ஒன்று முன்னாளில் இருந்திருக்க வேண்டும், அது கடலில் மூழ்கியிருக்க வேண்டும் என்று எழுதினார். அந்த நிலத்துக்கு லெமூரியா என்று பெயரிட்டார். இந்தியாவில் உள்ள அந்த உறவுப் பிராணி எது தெரியுமா? நம் தேவாங்குதான்.

அந்தச் செய்தி தமிழ்நாட்டுக்கு வந்தபோது, கடல்கொண்ட பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் இலக்கியத்தில் படித்திருந்த அறிஞர்கள், அதுவும் இதுவும் ஒன்றே என்று மகிழ்ந்தார்கள். அவர்கள் மகிழ்ச்சியைக் குறை சொல்ல மாட்டேன். தம் பழமையை உலகம் ஒப்புக்கொண்டது என்று நினைத்தார்கள். ஆனால் பின்னர் தெரிந்தது வேறு. நிலம் மூழ்கவில்லை, நகர்ந்தது. 1912-இல் வெகெனர் என்ற ஜெர்மானியர் கண்டங்கள் நகர்வதாகச் சொன்னபோது பலரும் ஏற்கவில்லை. 1960-களில் சான்றுகள் குவிந்த பிறகு ஏற்றார்கள். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டிக்கொண்டிருந்தவை. ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து, இந்தியா வடக்கே போனது. அப்போது மனிதனே இல்லை. ஆகவே ஸ்கிளேட்டரின் லெமூரியா இன்று அறிவியலில் இல்லை. நம் இலக்கியம் சொல்லும் கடல்கோள் தனிச் செய்தி. அதற்கு லெமூரின் வாலைப் பிடித்துச் சான்று தேட வேண்டியதில்லை. பள்ளிப் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளையைத் தயார் செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

பத்துமலையும் மடகாஸ்கர் கல்லும்

லெமூர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது சரி, மனிதர்கள்? இதுதான் எனக்குப் பெரும் வியப்பு. மடகாஸ்கர் மக்கள் பேசும் மலகாசி மொழி, பக்கத்திலிருக்கும் ஆப்பிரிக்க மொழிகளின் இனத்தைச் சேர்ந்ததன்று. மலாய் மொழியின் இனம். அதிலும் நெருங்கிய உறவு, போர்னியோவின் தெற்கே பாரித்தோ ஆற்றுப் பகுதியில் பேசப்படும் மாஅன்யான் மொழி. ஒட்டோ டால் என்ற நார்வே மொழியறிஞர் 1951-இல் இதைக் காட்டினார். சுமார் 7,000 கிலோமீட்டர் இந்தியப் பெருங்கடலைப் படகில் கடந்திருக்கிறார்கள்! நாள் எத்தனை, வழி எது என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். 2012-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, ஏறக்குறைய 1,200 ஆண்டுகளுக்கு முன், தென்கிழக்காசியத் தீவுகளிலிருந்து வந்த சுமார் 30 பெண்கள்தாம் அந்த மக்களின் மூத்த தாய்மார் என்று கணக்கிட்டது. முப்பதே பெண்கள்! பின்னர் ஆப்பிரிக்கரும் வந்து கலந்து ஒரே மக்களானார்கள்.

தேசிய மொழி தெரிந்த நமக்கு அந்த மொழி முழுவதும் அந்நியமில்லை. வானத்துக்கு மலாயில் ‘லாங்கிட்’, அங்கே ‘லானிட்ர’. நிலவுக்கு ‘புலான்’, அங்கே ‘வூலன’. இறந்துபோவது இங்கேயும் ‘மாத்தி’, அங்கேயும் ‘மாத்தி’. பத்துமலையில் வரும் ‘பத்து’ எண்ணில்லை, மலாயில் கல். அதே கல் மலகாசியில் ஏறக்குறைய ‘வாத்து’ என்று ஒலிக்கும். நம் காதுக்கு நீந்துகிற வாத்துதான் நினைவுக்கு வரும், போகட்டும்! பிள்ளைகளிடம் இந்தச் சொற்களைச் சொல்லிப் பாருங்கள்.

விழித்திருக்கும் கண்கள்

படத்தில் ஜூலியனின் குடிகளுக்கு ஃபோசாதான் எதிரி. உண்மையில் எதிரி வேறு. நெல் விதைக்கக் காட்டை வெட்டி எரிக்கிறார்கள். அடுப்புக் கரிக்கும் மரம் போகிறது. ஏழைக் குடியானவனுக்கு வேறு வழி குறைவு என்பதை நாம் புரிந்துகொள்ளலாம். ஆனால் காடு சுருங்கிக்கொண்டே போகிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020-இல் வெளியிட்ட கணக்குப்படி 107 லெமூர் வகைகளில் 103 வகைகள் அழியும் ஆபத்தில் உள்ளன. அவற்றுள் 33 வகைகள் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. பொம்மை லெமூர் மின்சாரத்தில் ஆடிய பதினோரு ஆண்டுகளில், உயிருள்ள லெமூரின் நிலை இப்படி ஆகிவிட்டது.

செந்தோசாவில் அந்தப் பகுதியை இடித்து மாற்றி, ‘மினியன்’ எனப்படும் மஞ்சள் நிறக் குட்டி மனிதர்களின் உலகத்தை 2025 பிப்ரவரி 14 அன்று திறந்தார்கள். அதுவும் கார்ட்டூன் படத்தில் வந்தவர்கள்தாம். பிள்ளைகள் அங்கேயும் மகிழத்தான் செய்வார்கள். வளையவால் லெமூரை உயிரோடு காண ஆசைப்பட்டால், சிங்கப்பூரின் மண்டாய் விலங்குத் தோட்டத்துக்குப் போங்கள். வலை போர்த்திய பெரிய கூடாரக் காட்டுக்குள் நாம் நடக்க, அவை தலைக்கு மேலே கிளையில் தாவும். பையைத் திறந்து தீனி காட்டாதீர்கள்.

அதன் உறவினனைப் பார்க்கவோ நீங்கள் பஸ் ஏற வேண்டியதில்லை. தேவாங்கு இனத்தைச் சேர்ந்த ஒரு பிராணி நம் மலேசியக் காடுகளிலும் உண்டு. மலாயில் கொங்காங் என்பார்கள். உருண்டை முகம், பெரிய கண்கள், மெல்ல மெல்ல நகரும். இரவில்தான் வெளியே வரும். டார்ச் அடித்தால் அந்தக் கண்கள் தீக்கங்குபோல் தெரியும். லத்தீன் மொழியில் ‘லெமூர்’ என்ற சொல்லுக்கே இரவில் அலையும் ஆவி என்றுதான் பொருள். பேய் என்று பயந்து கல்லெறிந்தவர்கள் உண்டு. அழகாக இருக்கிறதே என்று பிடித்து வளர்க்க விற்பவர்களும் உண்டு. விற்கிறவர்கள் அது கடிக்காமலிருக்கப் பல்லை நறுக்கிவிடுவார்கள். புண் வைத்துச் செத்துப் போகும்.

தமிழ்நாட்டில் 2022-இல், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் கடவூர்க் காட்டுப் பகுதியைத் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். இந்தியாவிலேயே தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அது. நம் நாட்டிலோ 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி கொங்காங்கைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். அதன் கடியில் விஷம் உண்டு. பாலூட்டிகளில் விஷக்கடி உடையவை மிகச் சில, அவற்றில் இது ஒன்று. ஆகவே காட்டோரச் செம்பனையில், மின்கம்பியில், அல்லது லயத்துக் கூரையில் ஒன்று தென்பட்டால் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். நாயைக் கட்டிப் போடுங்கள். பெரும்பாலும் விடிவதற்குள் தானே மரத்துக்குப் போய்விடும். அடிபட்டுக் கிடந்தால் மட்டும் மாவட்ட பெர்ஹிலித்தான் அலுவலகத்துக்குச் சொல்லியனுப்புங்கள். அவர்கள் வரும்வரை ஒரு காற்றோட்டமான பெட்டியைக் கவிழ்த்து மூடி, வெளிச்சம் படாமல் வைத்தால் போதும்.